மாகாணி என்ற பேருக்குள்ளே ஒரு கணக்கு

எங்க வீட்டுப் பழைய பாகப் பத்திரத்தில், ஒரு வேலி நிலத்தில் தாத்தாவுக்கு ‘மாகாணி பங்கு’ என்று இருக்கிறது. நான் சின்னப் பையனா இருந்தப்போ, எல்லை அளக்க வந்த ஒருவர் அதை ‘ஒரு மா’ என்று படித்துவிட்டார். தாத்தா விடவில்லை. “மாவோட காணியும் இருக்குய்யா, பேரைப் பாரு!” என்றார்.

தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனப்பாடமாகப் படித்தவர். அதில் மா என்றால் 20-ல் ஒன்று, காணி என்றால் 80-ல் ஒன்று. நாலு காணி சேர்ந்தால் ஒரு மா. அதனால் மாவும் காணியும் கூடினால் அஞ்சு காணி, அதாவது 80-ல் 5. சுருக்கினால் 16-ல் 1. இதையே வீசம் என்றும் சொல்வார்கள். ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில், ஒரு அணா ரூபாயில் வீசம்.

எங்க தஞ்சாவூர்ப் பக்கம் வேலிக்கு 20 மா. அதில் மாகாணி என்றால் ஒன்றேகால் மா. ஒரு மா சுமார் 33 சென்ட். அந்தக் கால் மா போயிருந்தால் 8 சென்ட் போயிருக்கும். ஏழைக்கு அது சின்ன நிலமா?

அப்புறம் தாத்தா என்னை ஒரு கணக்குக் கேட்டார். “ஒரு வேலியில் மூத்தவனுக்கு அரை, அடுத்தவனுக்குக் கால், மூணாமவனுக்கு அரைக்கால், கடைசிப் பிள்ளைக்கு மாகாணி. கோயிலுக்கு மிச்சம் எவ்வளவு?”

நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி மீச்சிறு பொது மடங்கு போட ஆரம்பித்தேன். தாத்தா சிரித்தார். அரை கொடுத்தா மிச்சம் அரை. அப்புறம் கால் கொடுத்தா மிச்சம் கால். அரைக்கால் கொடுத்தா மிச்சமும் அரைக்கால். ஒவ்வொரு தடவையும் இருக்கிறதில் பாதிதானே போகுது, அதனால கடைசியா கொடுத்தது எவ்வளவோ அதுவே மிச்சம். கோயிலுக்கும் மாகாணிதான், ஒன்றேகால் மா.

1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. ரூபாய் நூறாகி, அணாவும் வீசமும் புழக்கத்திலிருந்து மெல்லப் போயின. நூறு சுலபம்தான், மறுக்கலை. ஆனால் நம்ம பழைய பத்திரங்கள் இன்னும் மா, காணி, மாகாணி என்றே பேசுகின்றன. வீட்டில் அப்படிப் பத்திரம் இருந்தால், பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு தடவை படித்துக் காட்டுங்க. பெரியவங்க போனபிறகு யாரைக் கேட்பது?