நிற்கும் மரத்துக்கு விலை கேட்ட ஐவர்

ஓர் ஏக்கர் காடு ஐந்து ஷில்லிங். 1840களின் தொடக்கத்தில், மாத்தளை மலைகள் உட்படக் கண்டிச் சீமையின் காடுகளை ஆங்கிலேய அரசு ஏலத்தில் விட்டபோது வைத்த ஆரம்ப விலை அது. மண்ணோடு மரமும் சேர்த்தி. 1844இல் அதே ஏக்கருக்கு இருபது ஷில்லிங் என்றார்கள். இடையில் காடு நான்கு மடங்கு செழித்துவிடவில்லை. விலை சொல்கிறவர் மனம் மாறியது, விலையும் மாறியது.

அந்தக் காடு அரசுடையது ஆன விதத்தையும் சொல்ல வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் முடிக்குரியவை என்றே கொள்ளப்படும் என்றது. இல்லை, இது எங்கள் சேனை, எங்கள் மந்தை மேயும் இடம் என்று நிரூபிக்கும் பாரம் கிராமத்தவன் தலையில் விழுந்தது. பத்திரம் இல்லாத தலைமுறைகளிடம் பத்திரம் கேட்டார்கள்.

சரி, யாரிடம் போய் முறையிடுவது? 1845இல் கொலனிச் செயலாளராக வந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், பிற்பாடு எழுதிய இலங்கை நூலில் அந்தக் கோப்பிப் பித்தை விவரிக்கிறார். முடிக்குரிய நிலம் வாங்கியவர்கள் பட்டியலில் ஆளுநர் இருக்கிறார், இராணுவத்தார் இருக்கிறார்கள், பாதிரிமார் இருக்கிறார்கள், சிவில் சேவையாளரில் பாதிப்பேர் இருக்கிறார்கள். நீதிபதிகளும் இருக்கிறார்கள். விற்பவர், வாங்குபவர், வழக்குக் கேட்பவர் எல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டால், ஐந்து ஷில்லிங் சரியான விலையா என்ற கேள்வி எழ இடமே இல்லை. அரசு தன் சொத்தை மலிவாகத் தந்து ஒரு தொழிலைத் தூக்கி நிறுத்துவதற்கு மானியம் என்று பெயர். கோப்பித் தோட்டங்களுக்குக் கிடைத்ததை யாரும் அப்படி அழைக்கவில்லை.

காட்டைச் சாய்த்ததில் பக்கத்துச் சிங்களக் கிராமத்தவரின் கோடரிக்குப் பெரும் பங்கு உண்டு. சாய்த்த இடத்தில் கோப்பி நட்டுக் காத்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் கரையேறித் தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த எங்கள் ஆட்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் நினைவுகூர்ந்தது அந்தப் பாதையைத்தான். அந்த மலைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, நிற்கும் மரத்துக்கு அரசு சொல்லும் விலையை யார் சோதிப்பது என்ற கேள்வி புத்தகக் கேள்வி அல்ல. ஆகவேதான் அதே முடியின் கீழிருந்த இன்னொரு நாட்டில் அந்தக் கேள்விக்கு ஐந்து பேர் பிறந்த கதையை எழுதுகிறேன்.

கனடாவில் காடுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்றும் பொதுச் சொத்து. பெயரும் அதே முடிக்குரிய நிலம். மர ஆலைக்காரர் மாகாண அரசிடம் வெட்டும் உரிமை பெற்று, வெட்டிய மரத்துக்குக் காசு கட்டுவார். அதன் பெயர் ஸ்டம்பேஜ், அடிக்கட்டைக் காசு என்று சொல்லலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் கணிசமான காடு தனியாருடையது, விலை ஏலத்திலும் பேரத்திலும் முடிவாகும். கனடாவின் அடிக்கட்டைக் காசு குறைவு என்றால் பலகை மலிவு, பலகை மலிவு என்றால் அமெரிக்க ஆலைக்குச் சந்தை போச்சு. 1982இல் அமெரிக்க ஆலைக்காரர்கள் முறைப்பாடு செய்தார்கள்: இது மானியம், அதை ஈடுகட்டும் தீர்வை போடுங்கள் என்று.

1983இல் அமெரிக்க வணிகத் திணைக்களம் ஆராய்ந்து சொன்ன பதில், தீர்வைக்குரிய மானியம் அல்ல என்பது. அந்த உரிமை குறிப்பிட்ட ஒரு தொழிலுக்கு மட்டும் தரப்படவில்லை என்பது அதன் நியாயம். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1986 ஒக்டோபரில், அதே திணைக்களம், அதே சட்டத்தை வைத்துக்கொண்டு, அதே அடிக்கட்டைக் காசைப் பார்த்து, 15 சதவீத மானியம் இருப்பதாக முதற்கட்ட முடிவு சொன்னது. இறுதி முடிவு வருமுன் டிசம்பர் 30ஆம் திகதி கனடா பணிந்து, தன் பலகைக்குத் தானே 15 சதவீத ஏற்றுமதி வரி போட ஒப்புக்கொண்டது.

கதை திரும்பும் இடம் இதுதான். கனடாவுக்கு வலித்தது பதினைந்து என்ற எண் மட்டுமல்ல. மரம் மாறாமல் எண் மாறுகிறது என்பதுதான். அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், அதற்கென்றே நியூயோர்க்கில் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் 1980இல் அமைந்திருந்தது. ஆனால் வழக்கு நீளும், நீதிபதிகள் திணைக்களத்தின் கணிப்புக்கு நிறைய இடம் கொடுப்பார்கள் என்பது கனடாக்காரர்களின் மனக்குறை.

அந்தச் சமயத்தில் இரு நாடுகளும் தடையற்ற வர்த்தக உடன்படிக்கை பேசிக்கொண்டிருந்தன. கனடாவின் தலைமைப் பேச்சாளர் சைமன் ரீஸ்மன், மானியத் தகராறுகளுக்குக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு முறை இல்லாமல் உடன்பாடு இல்லை என்று 1987 செப்டம்பர் 23ஆம் திகதி எழுந்து வெளியே போனார். அமெரிக்கக் காங்கிரஸுக்கு அறிவிக்க ஒக்டோபர் 3 நள்ளிரவு வரைதான் கெடு. மானியம் என்றால் என்ன என்று பொது வரைவிலக்கணம் எழுத இரு தரப்பாலும் முடியவில்லை. கடைசி நாட்களில் கைகொடுத்தது அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் சாம் கிப்பன்ஸ் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் யோசனை: சட்டத்தை அவரவர் வைத்துக்கொள்ளட்டும், அந்தச் சட்டப்படி நடந்தார்களா என்று பார்க்கும் வேலையை மட்டும் நீதிமன்றத்திடமிருந்து எடுத்து இரு நாட்டவரும் அமரும் குழுவிடம் கொடுப்போம். நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன் உடன்பாடு முடிந்தது. உடன்படிக்கையின் 19ஆம் அத்தியாயமாக, 1989 ஜனவரி 1 முதல், ஐவர் குழு உயிர் பெற்றது.

ஐந்து என்பது நமக்குப் பழகிய எண். பஞ்சாயத்து என்ற சொல்லுக்குள்ளேயே ஐந்து இருக்கிறது. ஒவ்வொரு நாடும் இருவரைத் தரும், ஐந்தாமவரை இரண்டும் பேசித் தீர்மானிக்கும். பெரும்பான்மையினர் சட்டத்தரணிகள். முடிவுக்குக் கெடு 315 நாட்கள். ஆனால் ஊர்ப் பஞ்சாயத்துப் போல இவர்கள் தம் மனதுக்குப் பட்ட எண்ணைச் சொல்ல முடியாது. கேட்கக்கூடியவை இரண்டே கேள்விகள். பதிவிலுள்ள சான்று இந்த எண்ணைத் தாங்குமா? சட்டம் இந்தக் கணக்குக்கு இடம் தருமா? இல்லையென்றால் காரணம் எழுதித் திணைக்களத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். அங்கே மறுபடி கணக்குப் போட்டுக் கொண்டுவர வேண்டும். மானியக் கணக்கை நீதி பார்க்கும் முறையின் உயிர் இந்தத் திருப்பி அனுப்புதலில் இருக்கிறது என்பேன்.

முதல் பெரிய சோதனை மரத்திலேயே வந்தது. 1992இல் திணைக்களம் 6.51 சதவீதம் என்றது. 1993 மே மாதம் ஐவரும் ஒருமனதாகத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி வந்தபோது, டிசம்பரில், மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்தார்கள், மூன்று கனடியர் ஒரு பக்கம், இரண்டு அமெரிக்கர் மறுபக்கம். மேல்முறையீட்டைக் கேட்ட மூன்று நீதிபதிகளும் 1994 ஆகஸ்டில் அதே கோட்டில் பிரிந்தார்கள், அமெரிக்க நீதிபதி மல்கம் வில்கி கடுமையாக மறுப்பு எழுதினார். கனடா வென்றது, தீர்வை திரும்பக் கிடைத்தது. ஆனாலும் அந்தப் பிரிவு மனதை உறுத்துகிறது. எண்ணைச் சோதிக்க வந்தவர்களைக் கடவுச்சீட்டை வைத்து எண்ண நேர்ந்தது நல்ல பிறப்புக் குறி அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் 2002இல் தொடங்குவது. இம்முறை திணைக்களம் கண்ட மானியம் 18.79 சதவீதம். எப்படி வந்தது? கனடாவில் அரசே பெரும்பாலான மரத்தை விற்பதால் அங்கே உண்மையான சந்தை விலை இல்லை என்று சொல்லி, எல்லைக்கு அப்பால் அமெரிக்க மாநிலங்களில் மரம் விற்ற விலையை அளவுகோலாக வைத்தார்கள். மாத்தளையில் நிற்கும் பலாவுக்கு என்ன பெறுமதி என்று அறிய யாழ்ப்பாணத்து மரக்காலையில் விசாரிப்பது போல. பாதையின் தூரம், லொறிக் கூலி, மரத்தின் பருமன், சரிவில் ஏறி வெட்டும் பாடு எதுவும் அங்கே சொல்லும் விலையில் தெரியாது. மரத்தை அளக்கும் விதம்கூட இடத்துக்கு இடம் வேறு. நாங்கள் கன அடியில் பேசுவோம். அவர்கள் ஓரடிச் சதுரமும் ஓரங்குலத் தடிப்புமான பலகையை ஓர் அலகாக வைத்து ஆயிரம் ஆயிரமாக எண்ணுவார்கள், அப்படிப் பன்னிரண்டு சேர்ந்தால்தான் ஒரு கன அடி.

குழு திருப்பி அனுப்பியது. புதுக் கணக்கு வந்தது, மறுபடி திருப்பி அனுப்பியது. ஐந்து முறை. 2005 நவம்பரில் வந்த எண் 0.80 சதவீதம். ஒரு சதவீதத்துக்குக் கீழ் என்றால் சட்டப்படி அது மானியமாகவே கணக்கில் வராது. பதினெட்டே முக்காலுக்கு மேல் நின்ற எண், ஒவ்வொரு படிக்கும் காரணம் கேட்கக் கேட்க, ஒன்றுக்கும் கீழே இறங்கியது. இதே காலத்தில் உலக வர்த்தக நிறுவனத்தின் மேன்முறையீட்டு அமைப்பு, அரசின் பிடியால் உள்நாட்டு விலையே திரிந்துபோன இடத்தில் வெளி அளவுகோலும் செல்லும் என்று 2004இல் சொல்லியிருந்தது. அமெரிக்க ஆலைக்காரரின் முறைப்பாடு வெறும் பொறாமை அல்ல என்பதற்கு அது சாட்சி, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் 0.80க்குப் பின் நடந்தது கசப்பு. 2006இல் இரு நாடுகளும் உடன்பாடு செய்தன. வசூலான சுமார் 500 கோடி டொலரில் 400 கோடிக்கு மேல் திரும்பியது, 100 கோடி அமெரிக்காவிலேயே தங்கியது. 2017இல் மீண்டும் தீர்வை, மீண்டும் வழக்கு. இம்முறை 315 நாள் கெடு காற்றில் போனது, அந்தச் சுற்றுத் தீர்வையின் ஒரு பகுதி பற்றிய குழுத் தீர்ப்பு 2023 ஒக்டோபரில்தான் வந்தது. 2020 முதல் நடைமுறையிலுள்ள புதிய உடன்படிக்கையிலும் ஐவர் குழு 10ஆம் அத்தியாயமாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது. 2025இல் மானியத்துக்கும் மலிவு விற்பனைக்குமான தீர்வைகள் சேர்ந்து பெரும்பாலான ஆலைகளுக்கு 35 சதவீதத்தைத் தாண்டின. அதற்கு மேல் ஒக்டோபரில் தேசியப் பாதுகாப்பின் பேரில் இன்னொரு பத்து சதவீதம். அந்தப் பத்தை ஐவரிடம் கொண்டுபோக முடியாது, அது அவர்கள் அத்தியாயத்துக்குள் வராது.

இலங்கையிலும் மானியத்தை ஈடுகட்டும் தீர்வைக்கு 2018ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அரச அலுவலர் ஒருவரின் முடிவுக்குக் காரணம் கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோர அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரை வழி விடுகிறது. ஐந்து ஷில்லிங் காலத்து மாத்தளைக் கிராமத்தவனுக்கு இப்படி ஒரு வாசல் இருக்கவில்லை.

நிலம் போனபின் 1848 ஜூலையில் வரிகள் வந்தன. துப்பாக்கிக்கு, நாய்க்கு, வண்டிக்கு, கடைக்கு, வீதி வேலைக்கு. எந்த எண்ணையும் திருப்பி அனுப்ப ஆள் இல்லை. அந்த மாதக் கடைசியில் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு இறங்கிய கூட்டம் கச்சேரிக்குள் புகுந்து வரிப் பதிவேடுகளை அழித்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி, இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி, கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.