திறந்த சம்பல் போத்தல் எத்தனை நாள் தாங்கும்?

ஒரு போத்தலில் அச்சிடப்பட்டிருக்கும் காலாவதித் திகதி, அது திறக்கப்படாமல் இருக்கும்வரைக்கும்தான் பொருந்தும். மூடியைத் திறந்த நாளிலிருந்து வேறொரு கணக்குத் தொடங்குகிறது. "திறந்தபின் குளிரில் வைக்கவும்" என்ற சிறிய எழுத்து வரியோடு அந்தக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீட்டுக்கு அந்த வரியால் பயனில்லை.

நான் திருகோணமலையில், உட்துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிறேன். குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூர். 2006இல் அங்கிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்கில் இருந்தன. 2015இல்தான் காணிகள் விடுவிக்கப்படத் தொடங்கின. திரும்பியவர்களுக்குக் கூரை, கிணறு, மலசலகூடம் என்று செலவு வரிசையாக நின்றது. குளிர்சாதனப்பெட்டி அந்த வரிசையின் கடைசியில். இன்று சம்பலும் ஊறுகாயும் போத்தலில் அடைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். ஒரு போத்தல் பழுதானால் அவர்களுக்கு வாடிக்கை போகும். வாங்கிய வீட்டில் ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் வரும். அதனால் இந்தக் கட்டுரையில் குளிர்சாதனப்பெட்டி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் தனித்தனியே சொல்கிறேன்.

பழுதாவது ஏன்?

கிருமி பெருகுவதற்கு ஈரம், சூடு, நேரம் மூன்றும் வேண்டும். உப்பு, புளிப்பு, சீனி, வறட்சி ஆகிய நான்கும் அதைத் தடுக்கும். தேசிக்காய் ஊறுகாயில் உப்பும் புளிப்பும் உண்டு. ஜாமில் சீனி உண்டு. பச்சைத் தேங்காய்ச் சம்பலில் இவை எதுவும் போதிய அளவில் இல்லை. ஈரமும் கைபட்ட அழுக்கும்தான் நிறைய உண்டு.

சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணிநேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பம்தான் ஆபத்தானது. வெளிவெப்பம் 32 பாகையைத் தாண்டினால் அமெரிக்க உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் அந்த 2 மணிநேரத்தை 1 ஆகக் குறைக்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருமலைப் பகல் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டியே இருக்கும்.

எதை எப்படி வைப்பது?

தேங்காய்ச் சம்பல், தேங்காய்ச் சட்னி: ஒரு வேளைக்கு மட்டும் அரையுங்கள். மிஞ்சினால் உடனே குளிரில் வைத்து அடுத்த நாளுக்குள் முடியுங்கள். குளிர் இல்லாவிட்டால் மிச்சம் வைக்க வேண்டாம். மிச்சத்தைச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்பதும் பிழை. கையிலிருந்து சேரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு, கொதித்தாலும் அழியாது.

கட்டச் சம்பல்: செத்தல் மிளகாய், உப்பு, மாசி மூன்றையும் ஈரமில்லாமல் இடித்து வையுங்கள். அந்தத் தூள் காய்ந்த போத்தலில் வாரக்கணக்கில் இருக்கும். வெங்காயமும் தேசிப்புளியும் சாப்பிடும் நேரத்தில் சேர்ப்பதற்கு. குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சீனிச் சம்பல்: வெங்காயத்தின் தண்ணீர் முழுதாக வற்றி, எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். பழப்புளியைக் குறைக்க வேண்டாம். குளிரில் 2 வாரம் வைக்கலாம். வெளியில் வைப்பதானால் 2 நாளுக்குரிய அளவு மட்டும் செய்யுங்கள்.

தேசிக்காய் ஊறுகாய்: வெளியில் மாதக்கணக்கில் இருக்கும். காய் சாற்றுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். மேலே வெளித்தெரியும் துண்டில்தான் பூஞ்சணம் தொடங்கும். கண்ணாடிப் போத்தல் அல்லது சீனச்சாடி நல்லது. உப்பும் புளிப்பும் அலுமினியத்தை அரிக்கும்.

ஜாம்: சீனி குறைத்துச் செய்த ஜாம் குளிரில் இருக்க வேண்டும். சாதாரண ஜாமுக்கும் திறந்தபின் குளிரே நல்லது. மாரியில் வாடைக்காற்றோடு ஈரம் கூடும்போது பூஞ்சணம் விரைவாக வரும்.

தக்காளிச் சோஸ், மிளகாய்ச் சோஸ்: வினாகிரி இருப்பதால் வெளியில் ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும். வாய்ப்பகுதியைத் துடைத்து மூடுங்கள்.

மயோனிஸ், சீஸ் தடவல்: திறந்தபின் குளிர் கட்டாயம். குளிர் இல்லாத வீட்டில் ஒரு தடவைக்குரிய சிறு பக்கெற்றே பாதுகாப்பானது.

ரின்பால்: பேணியைத் திறந்தபின் மீதியைக் காய்ந்த போத்தலுக்கு மாற்றிக் குளிரில் வையுங்கள்.

வெளிநாட்டில் உள்ள உறவுகள் வாங்கும் ஹம்மஸ் கடலையில் செய்தது. அதில் ஈரம் அதிகம். திறந்தபின் குளிரில் ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். அவர்கள் துருவிய தேங்காய்ப்பூவைச் சிறு பொதிகளாக உறைய வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துச் சம்பல் செய்யலாம்.

உள்ளியும் எண்ணெயும்

எண்ணெய் ஊற்றினால் எதுவும் கெடாது என்று நம்புகிறோம். எண்ணெய் கிருமியைக் கொல்லாது. காற்றை மட்டும் தடுக்கும். காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டுலிசம் கிருமிக்கு அது வசதி. 1985இல் கனடாவின் வன்கூவரில், எண்ணெயில் போட்டு அறை வெப்பத்தில் வைத்த உள்ளியைச் சாப்பிட்ட 30இற்கும் மேற்பட்டோர் இந்த நஞ்சால் நோயுற்றனர். அரைத்த உள்ளி, இஞ்சி விழுதைக் குளிரில் வைத்து 4 நாளுக்குள் முடியுங்கள். வெளியில் வைக்கவே வேண்டாம்.

மின்சாரம் நின்றால்

2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தது. கதவைத் திறக்காவிட்டால் குளிர்சாதனப்பெட்டி 4 மணிநேரம் குளிரைத் தாங்கும். அதற்கு மேல் போனால் தேங்காய்ச் சம்பல், மயோனிஸ், உள்ளி விழுது ஆகியவற்றை எறியுங்கள். ஊறுகாய், ஜாம், சோஸ் ஆகியவற்றுக்குப் பயமில்லை.

வீட்டில் இல்லாத நேரம் மின்சாரம் போனதா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒரு கோப்பைத் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு நாணயக் குற்றியை வையுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது குற்றி உள்ளே அமிழ்ந்திருந்தால், ஐஸ் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது.

மீன்பிடிக்கு விற்கும் ஐஸை றெஜிபோம் பெட்டியில் போட்டும் ஒரு நாள் சமாளிக்கலாம். ஆனால் அந்த ஐஸ் குடிக்கும் தண்ணீரில் செய்யப்பட்டது என்று நம்ப முடியாது. இறுக மூடிய போத்தலை மட்டும் வையுங்கள். உருகிய நீர் மூடிக்கு மேல் ஏறக்கூடாது.

விற்பவர்கள் செய்யவேண்டியது

போத்தலையும் மூடியையும் கழுவி, 10 நிமிடம் கொதிநீரில் வைத்து, துடைக்காமல் கவிழ்த்துக் காய விடுங்கள். ஒரு துளி ஈரமும் இருக்கக்கூடாது. பெரிய போத்தல் ஒன்றைவிடச் சிறிய போத்தல் ஐந்து நல்லது. வாங்கியவர் விரைவில் முடிப்பார். கரண்டி உள்ளே போகும் தடவையும் குறையும். செய்த திகதியோடு, "திறந்தபின் இத்தனை நாள், காய்ந்த கரண்டி" என்றும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். விற்பனைக்கான உணவு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு உட்பட்டது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சந்தித்து, விற்கத் தொடங்குமுன்பே விபரம் கேளுங்கள்.

எப்போது எறிவது?

மூடி உப்பியிருந்தால், திறக்கும்போது நுரைத்தால், நூல்போல இழுபட்டால், பூஞ்சணம் தெரிந்தால் முழுதையும் எறியுங்கள். பூஞ்சணத்தை வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம். அதன் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கும். மணம் நன்றாக இருப்பதும் உத்தரவாதம் இல்லை. பொட்டுலிச நஞ்சுக்கு மணம் கிடையாது. ருசி பார்த்துச் சோதிக்கவும் வேண்டாம்.

முகாமில் நிவாரண அரிசியையும் பருப்பையும் எண்ணி எண்ணிச் சமைத்தவர்களுக்கு உணவை எறிவது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். அதனால்தான் குறைவாகச் செய்யுங்கள், சிறிதாக அடையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி கரைத்துக் கொடுங்கள். சிறுபிள்ளை சோர்ந்துபோனாலோ, யாருக்காவது பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, கண்ணிமை தொங்கினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ காத்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்சை அழைத்து வைத்தியசாலைக்குப் போங்கள். சாப்பிட்ட போத்தலையும் கூடவே கொண்டுபோங்கள்.