ஆயுதமா, கருவியா? இந்தியக் காட்டுக்கத்தியின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

சென்ற வாரம் இளைய ஆய்வு மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அக்கா, வடகிழக்குக்குக் களப்பணிக்குப் போகிறேன். நடுவில் நான்கு நாள் மலைக்காட்டில் தங்க வேண்டியிருக்கும். என்ன கத்தி வாங்கலாம்?" இணையக் கடைகளில் தேர்ந்தெடுத்த ஐந்தாறு கத்திகளின் படங்களையும் அனுப்பியிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் தொடங்கினேன். முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. எனக்கு அதில் ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நாகா மலையில் களப்பணி முடித்துக் கிளம்பியபோது, நான் தங்கியிருந்த வீட்டுப் பெரியவர் தம் கையால் தேய்ந்த ஒரு தாவைப் பரிசாகக் கொடுத்தார். ஊர் திரும்பும் வழியில் ஒரு நிலையத்துச் சோதனையில் அது எடுத்துக்கொள்ளப்பட்டது. அங்கிருந்தவர் கடுமையாகப் பேசவில்லை. அவரிடமிருந்த படிவத்தில் 'ஆயுதத்தின் வகை' என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மொழியியல் படித்தவள் ஒரு சொல்லுக்காகத் திணறி நின்ற அந்த ஐந்து நிமிடத்தின் விளைவே இந்தப் பதிவு.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கத்தியில் இரு வகை: மடக்குவது, மடக்காதது. மடக்குக்கத்தியின் பலவீனம் அதன் கீல். காட்டில் விறகு பிளக்கும்போதும் மூங்கில் வெட்டும்போதும் விசையெல்லாம் அந்தக் கீலில்தான் சேரும். மடக்காத கத்தியில் அலகும், பிடிக்குள் நுழையும் அதன் வாலும் ஒரே இரும்புத் துண்டு. ஆகவே காட்டுக்குச் செல்பவர் மடக்காத கத்தியையே கொண்டுசெல்ல வேண்டும் என்பது எல்லா வழிகாட்டி நூல்களும் ஒப்பும் கருத்து. அதற்கு மேல் அவை கூறும் இலக்கணம் ஏறத்தாழ இதுதான்: அலகு 4 முதல் 6 அங்குலம், வால் பிடியின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும், முதுகு தடித்துச் சதுர விளிம்போடு இருக்க வேண்டும், தீப்பொறி உரசுவதற்கு.

இந்த இலக்கணம் பிழையானதன்று. ஆனால் அது பெரும்பாலும் குளிர்நாட்டு ஊசியிலைக் காடுகளில் எழுதப்பட்டது. காய்ந்த கட்டையைப் பிளந்து தீ மூட்டுவதே அங்கே முதல் தேவை. பருவமழைக் காட்டின் தேவை வேறு. இங்கே முதலில் வழி வெட்ட வேண்டும். மூங்கிலையும் கொடியையும் முட்புதரையும் அறுக்க வேண்டும். அதனால்தான் இந்தியக் காடுகளில் வாழ்ந்தோர் உருவாக்கிய கத்திகள் இந்த இலக்கணத்துக்குள் அடங்குவதில்லை.

நாகா மலையின் தாவைப் பாருங்கள். பிடியருகே ஒடுங்கி, நுனியை நோக்கி அகன்று, நுனியில் கூர்முனையே இல்லாமல் வெட்டிவிட்டாற்போல் முடியும் அலகு. குத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை. எடை முழுவதும் நுனியில் இருப்பதால், ஓங்கும் கைக்கு அதிக வலு வேண்டியதில்லை. இரும்பே வேலையைச் செய்துவிடும். பல தாவ்களில் ஒரு பக்கம் தட்டையாகவும் மறு பக்கம் மட்டும் சாய்வாகவும் தீட்டப்பட்டிருக்கும். மூங்கிலைச் சீவி இழையாக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. மாற்றுவேளாண்மைக்குக் காடு திருத்துவது, வீடு கட்டுவது, இறைச்சி வெட்டுவது, கூடை முடையப் பிளாச்சு எடுப்பது ஆகிய அனைத்தும் இந்த ஒரே இரும்பால் நடந்தன. தலைவேட்டை வழக்கிலிருந்த காலத்தில் அதுவும் இதே இரும்பால்தான் நடந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஜே. எச். ஹட்டன் 1921இல் அங்காமி நாகர் பற்றியும், ஜே. பி. மில்ஸ் 1922இல் லோத்தா நாகர் பற்றியும் வெளியிட்ட நூல்கள் இன்றும் ஆய்வாளர்களின் தொடக்கப் புள்ளிகள். இருவரும் காலனிய நிர்வாகிகள். அவர்கள் திரட்டிய பொருள்கள் இன்று ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

'தாவ்' என்ற சொல் நாகா மொழிகளுடையது அன்று. ஒவ்வொரு நாகா மொழியிலும் அதற்குத் தனிப்பெயர் உண்டு. அசாமியிலும் வங்காளத்திலும் வழங்கும் 'தா' சமவெளியிலிருந்து மலையேறி, ஆங்கிலேயர் ஏடுகளில் 'தாவ்' என நிலைத்தது. அதன் மூலம் அரிவாளைக் குறிக்கும் வடமொழி 'தாத்ர' என்பது. வேளாண் கருவியின் பெயர் என்பதைக் கவனியுங்கள். பர்மிய மொழியிலும் கத்திக்கு ஏறத்தாழ இதே ஒலியுள்ள சொல் இருக்கிறது. ஒலி ஒத்ததாலேயே இரண்டையும் ஒரே வேர் என்று முடிச்சுப் போட்டுவிடலாகாது. முதலாண்டு மாணவர்களுக்கு இதை ஓர் எச்சரிக்கையாகவே சொல்வேன்: ஒரே வடிவமுள்ள பொருளும் ஒத்த ஒலியுள்ள சொல்லும் அருகருகே இருக்கும்போதுதான் நாம் மிக எளிதாக ஏமாறுகிறோம்.

அடுத்தது குக்குரி. 1814 முதல் 1816 வரை நடந்த ஆங்கிலேய-நேபாளப் போருக்குப் பின் அது உலகப் புகழ் பெற்றது. அந்தப் போர் முடியும் முன்பே, 1815இல், கிழக்கிந்தியக் கம்பெனி கூர்க்காக்களைக் கொண்டு முதற் படைப்பிரிவுகளை அமைத்துவிட்டது. 1947இல் பத்து கூர்க்கா ரெஜிமென்டுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் பிரிந்தன. குறுக்காக வைத்த இரு குக்குரிகள் இரு நாட்டுப் படைகளிலும் அவர்களின் சின்னமாகத் தொடர்கின்றன. இந்தப் போர்ப் புகழ் ஓர் உண்மையை மறைத்துவிட்டது. குக்குரி நேபாள மலைவீட்டின் அன்றாடக் கத்தி. விறகு, புல், இறைச்சி, காய்கறி எல்லாம் அதற்கு வேலை.

அதன் உறையைத் திருப்பினால் பின்புறம் இரண்டு சிறு இரும்புகள் செருகியிருக்கும். ஒன்று 'கர்தா', நுண்வேலைக்கான சிறுகத்தி. மற்றொன்று 'சக்மக்', கூரற்றது. பெரிய அலகைச் சாணை பிடிக்கவும், கல்லில் தட்டித் தீப்பொறி எழுப்பவும் அது உதவும். நம் பாட்டிமார் வாயில் வழங்கிய 'சக்கிமுக்கிக் கல்' நினைவுக்கு வருகிறதா? துருக்கியில் 'தட்டு' என்ற வினையிலிருந்து பிறந்து, பாரசீகமும் உருதுவும் கடந்து தமிழுக்கு வந்த அதே 'சக்மக்' தான் அது. இமயத்துக் கத்தியுறையும் தமிழக அடுப்படியும் தீ மூட்ட ஒரே சொல்லைக் கடன் வாங்கியிருக்கின்றன. இன்றைய முகாம் கத்திகளின் உறையில் தீப்பொறிக் குச்சி ஒன்றைச் செருகி விற்பவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

குக்குரிக் கொல்லர் அலகு முழுவதையும் நீரில் அமிழ்த்துவதில்லை. காய்ச்சிய அலகின் கூர்விளிம்பின் மீது மட்டும் கெண்டியிலிருந்து நீரை ஊற்றுவார். விளிம்பு கடினமாகும்; முதுகு மென்மையாகவே நின்று அதிர்ச்சியைத் தாங்கும். பல குக்குரிகளில் வால் பிடியின் நீளத்துக்கு ஓடுவதுமில்லை. மெலிந்த வாலை அரக்கால் பிடிக்குள் பதித்திருப்பார்கள். வழிகாட்டி நூல்களின் இலக்கணப்படி இது குறை. ஆனால் பிடி உடைந்தால் அரக்கை உருக்கிப் புதுப்பிடி போட்டுக்கொள்ளலாம். காட்டில் எது நீடிக்கும் என்பதற்குச் செப்பனிடும் எளிமையும் ஓர் அளவுகோல்தானே?

தெற்கே குடகு. கத்தி என்ற சொல் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, குடகு மொழி ஆகிய ஐந்திலும் உண்டு. குடகர் இடுப்பில் செருகுவது பீச்சேக்கத்தி; முதுகில் பித்தளைக் கொக்கியில் மாட்டுவது அகன்று வளைந்த ஒடிக்கத்தி. இன்று திருமணத்தில் அந்த ஒடிக்கத்தியால் வாழைத்தண்டுகளை வெட்டுவது சடங்கு. போர்க்கத்தி என்று பெயர் பெற்றது வாழையை வெட்டுகிறது. மராட்டியத்திலோ கரும்பு வெட்டும் அரிவாளின் பெயர் 'கொய்தா'. அங்கே கூலிக்கு ஒப்பந்தமாகும் கணவனும் மனைவியும் சேர்ந்து 'ஒரு கொய்தா' என்றே எண்ணப்படுகிறார்கள். மனிதர் இருவர் கணக்கேட்டில் ஒரு கத்தியாகிவிடுகிறார்கள். ஆகுபெயருக்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இனி, இந்த வரலாற்றின் திருப்புமுனைக்கு வருகிறேன். 1878ஆம் ஆண்டு லிட்டன் ஆட்சியில் மூன்று சட்டங்கள் வந்தன: வனச்சட்டம், தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம், ஆயுதச் சட்டம். வரலாற்று வகுப்புகளில் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களில் படிக்கிறோம். காட்டுக்கத்தியின் பக்கம் நின்று பார்த்தால் முதலாவதும் மூன்றாவதும் ஒரே கதை. வனச்சட்டம் காட்டை அரசுடைமையாக்கி, இரும்பு உருக்குவோருக்குக் கரி கிடைப்பதை அரிதாக்கியது. மலிவான இறக்குமதி இரும்பும் சேர்ந்து அழுத்த, மத்திய இந்தியாவின் அகரியா போன்ற உருக்குக் குடிகள் நலிந்தன. வெரியர் எல்வின் 1942இல் அவர்களைப் பற்றி எழுதியபோது அது தேய்ந்துகொண்டிருந்த தொழில். இன்று நாட்டுக் கொல்லர்கள் பலர் பழைய லாரிகளின் வில்தகட்டை அடித்துத்தான் கத்தி செய்கிறார்கள். நல்ல எஃகுதான். ஆனால் காட்டுக்கும் கத்திக்கும் இருந்த தொப்புள்கொடி அறுந்துவிட்டது.

ஆயுதச் சட்டம் வாள், குத்துவாள், ஈட்டி, வில், அம்பு ஆகியவற்றை ஆயுதம் என வரையறுத்தது. குடகருக்கோ 1861 முதலே ஆயுத விலக்கு இருந்தது. விடுதலைக்குப் பின் 1959இல் வந்த புதிய சட்டம், வீட்டுக்கோ உழவுக்கோ 'மட்டுமே' ஆன பொருள்கள் ஆயுதமல்ல என்றது. 1962ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை, கிர்பானையும் குக்குரியையும் பெயர் சுட்டிச் சேர்த்து, ஆயுத வகையில் வைத்தது. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைக்கப்பட்டவற்றை விலக்கியது. சீக்கியர் கிர்பான் அணிவதை அரசியலமைப்பின் 25ஆம் பிரிவின் விளக்கம் காக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திலோ 'ஆயுதம்' என்பதன் வரையறைக்குள் கத்தி வெளிப்படையாகவே இடம்பெறுகிறது. சரணாலயத்துக்குள் அதை முன் அனுமதியின்றிக் கொண்டுசெல்ல முடியாது.

வேட்டையைத் தடுக்க அந்த வரையறை தேவைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த 'மட்டுமே' என்ற சொல்லைப் பாருங்கள். காட்டில் வாழ்பவரின் கத்தி எதற்கும் 'மட்டுமே' ஆனதன்று. எல்லாவற்றுக்கும் ஆனதாக இருப்பதே அதன் சிறப்பு. தொழிற்பிரிவினை நிறைந்த நகரத்தில் காய் நறுக்க ஒன்று, கயிறு அறுக்க ஒன்று என ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கத்தி. ஒரே இரும்பால் வாழ்ந்தவருக்கு அந்தச் சொகுசு இல்லை. ஆகவே, வடிவமைத்தவரின் நோக்கம் என்ன என்று சட்டம் கேட்கும்போது, அவருடைய விடையைப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் எழுத முடிவதில்லை.

நம் மொழிக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று நாம் பொட்டு வைப்பது எவற்றுக்கு? கடைசல் இயந்திரம், தராசு, புத்தகம், மோட்டார் வண்டி. பெயர் ஆயுதம், வணங்குவது கருவியை. அந்தப் படிவத்தை வகுத்தவர் அறியாத ஒன்றை நம் பண்டிகையின் பெயர் எப்போதோ அறிந்திருக்கிறது.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். 4 அல்லது 5 அங்குல அலகுள்ள, மடக்காத, எளிய கார்பன் எஃகுக் கத்தி ஒன்று போதும். ஈரக்காட்டில் அது துருப்பிடிக்கும். இரவில் துடைத்து எண்ணெய் தடவு. விமானத்தில் செல்வதானால் கைப்பையில் வைக்காமல் பதிவுப் பெட்டியில் வை. சரணாலய எல்லைக்குள் போவதானால் முன்னதாக அனுமதி கேள். பெரிய வெட்டுக்கத்தியை நீ சுமக்க வேண்டாம். உன்னோடு வரும் ஊர்க்காரரிடம் அது இருக்கும். அதை வீசும் கையும் அவரிடம்தான் இருக்கிறது. அவர் கத்தியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள். அலகு, பிடி, முதுகு, நுனி, உறை என ஒவ்வொரு பகுதிக்கும் அவர் மொழியில் என்ன பெயர் என்று கேள்.

நான் அதைச் செய்யத் தவறினேன். தாவைப் பறிகொடுத்தது கூட எனக்கு இப்போது பெரிதாகத் தோன்றவில்லை. பெரியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு தம் மொழியில் சொன்ன பெயரை நான் குறித்துவைக்கவில்லை. பொதுப்பெயரே போதும் என்று 'தாவ்' என எழுதிவிட்டேன். சென்ற குளிர்காலத்தில் அவர் காலமானார் என்று செய்தி வந்தது.

உங்கள் ஊரில் காட்டுக்கும் தோட்டத்துக்கும் எடுத்துச்செல்லும் கத்திக்கு என்ன பெயர்? அதன் பகுதிகளுக்கு என்ன பெயர்? மாவட்டத்தோடு சேர்த்துக் கீழே எழுதுங்கள். ஒரு சிறு சொல்தொகுதியாகத் தொகுத்து இங்கேயே பகிர்கிறேன்.