நுரையைக் கரைத்த சுருள் குழாய்

எங்கள் தெருவில் வீடு கட்டுகிறார்கள். மட்டம் பார்க்கும் டியூபில் தண்ணீர் நிரப்பிய கொத்தனார், அதை விரலால் சுண்டிச் சுண்டி உள்ளே நின்ற காற்றை மேலே ஏற்றி வெளியேற்றிக்கொண்டிருந்தார். ஒரு குமிழி தங்கினாலும் மட்டம் பொய் சொல்லுமாம். எனக்கு டாக்டர் ரிச்சர்ட் டிவால் நினைவுக்கு வந்தார்.

சுவர் கோணினால் இடித்துக் கட்டலாம். குழந்தையின் மூளைக்குப் போகும் ரத்தத்தில் குமிழி புகுந்தால்?

பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ள பிள்ளைகள் பலருக்கு, அன்று இதயத்தைத் திறந்துதான் தைக்க வேண்டியிருந்தது. அதுவரை ரத்தத்துக்கு யார் பிராணவாயு கொடுப்பது? 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், தன் இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு 18 வயதுப் பெண்ணைக் காப்பாற்றினார். அதன்பின் வந்த குழந்தைகள் பிழைக்கவில்லை. மனம் உடைந்து அவர் அந்த அறுவையையே விட்டுவிட்டார்.

அடுத்த ஆண்டு மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லஹை வேறு வழி பார்த்தார். இயந்திரத்துக்குப் பதில் பெற்றவரையே பக்கத்து மேசையில் படுக்கவைத்து, இருவர் ரத்தக் குழாய்களையும் இணைத்தார். அப்பாவின் நுரையீரலே பிள்ளைக்கும்! 45 பேருக்கு இப்படிச் செய்ததில் 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். ஆனால் ஒரு தாயின் ரத்தத்தில் காற்று புகுந்துவிட்டது. நலமாக வந்த அவருக்கு மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. பிள்ளையோடு பெற்றவளையும் பணயம் வைக்கும் முறை நீடிக்க முடியாதல்லவா?

இயந்திரம் செய்யும் பொறுப்பை லில்லஹை இளைஞர் டிவாலிடம் கொடுத்தார். நூலகத்துக்குப் போய்ப் பழைய கட்டுரைகளைப் படிக்காதே என்றும் சொன்னாராம். (நானாக இருந்தால் முதலில் அங்கேதான் அனுப்பியிருப்பேன்.)

ரத்தத்தில் பிராணவாயுவைக் குமிழியாக ஊதினால் அது சீக்கிரம் கலந்துவிடும். ஆனால் சோப்புத் தண்ணீர் போல நுரைத்துவிடும். அதனாலேயே அந்த வழி ஆபத்து என்று பலரும் ஒதுக்கியிருந்தார்கள். டிவால் உணவுத் தொழிற்சாலைகளில் புழங்கிய பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். நுரையை உடைக்கும் சிலிக்கோன் பூசிய பகுதி வழியே ரத்தத்தை விட்டார். பிறகு நீண்ட சுருள் குழாயில் மெதுவாக இறங்கவிட்டார். குமிழியுள்ள ரத்தம் லேசு, மேலேயே நிற்கும். குமிழியற்றது கனம், அடியில் போய்ச் சேரும். அடியிலிருந்து எடுத்துக் குழந்தைக்குச் செலுத்த வேண்டியதுதான். ஐந்தாம் வகுப்புக்கு எண்ணெயும் தண்ணீரும் வைத்து நாம் காட்டும் பாடமேதான் இது! 1955 மே 13 அன்று மூன்று வயதுக் குழந்தையின் அறுவையில் முதன்முதலாக அதைப் பயன்படுத்தினார்கள். அசையும் உறுப்பு இல்லாத, மலிவான இந்தக் கருவியின் வழிவந்தவையே பல ஆண்டுகள் உலகெங்கும் ஓடின.

பின்னர் ரத்தமும் வாயுவும் நேரே தொடாதபடி நடுவே மெல்லிய சவ்வு வந்தது. வடிகட்டியும், குமிழியைக் கண்டதும் எச்சரிக்கும் ஒலியலைக் கருவியும் சேர்ந்தன. இருந்தும் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பெரியவர்களுக்குச் சிரை ரத்தத்தில் வரும் சிறு குமிழியை நுரையீரல் பெரும்பாலும் தடுத்துவிடும். இதயத்தில் ஓட்டை இருந்தால் அது அதன் வழியே நேராக மூளைக்குப் போகலாம். அதனால் திறந்த நெஞ்சுக்குள் கரியமில வாயுவைப் பரப்பிக் காற்றை விரட்டுவதும் உண்டு. சிக்கினாலும் அது ரத்தத்தில் சட்டென்று கரைந்துவிடும்.

கிப்பனின் இயந்திரக் கதை இதைவிட நீளம். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.