செங்கடலைக் கடந்த வெள்ளி

ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரேசா 1780 நவம்பர் 29 அன்று வியன்னாவில் இறந்தார். ஆள்பவர் மாறினால் காசில் உள்ள முகமும் மாறுவது ஐரோப்பிய வழக்கம். ஆனால் இன்றைய ஜெர்மனியின் பவேரியாவில் இருக்கும் கியூன்ஸ்பர்க் ஊர் நாணயச்சாலை, அவர் முகத்தையும் எடுக்கவில்லை, 1780 என்ற ஆண்டையும் மாற்றவில்லை. செங்கடல் கரையில் காப்பி விற்றவர்கள் அந்த முகம் இருந்தால்தான் காசைக் கையில் வாங்கினார்கள். வேறு காசோடு போனவருக்குச் சரக்கு கிடைக்காது.

மரியா தெரேசா தாலர் என்ற அந்தக் காசின் எடை 28 கிராமுக்குச் சற்று மேல். ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளி. விளிம்பைச் சுற்றிப் புடைத்த எழுத்துகள். அன்றைக்குக் காசின் ஓரத்தை அராவி வெள்ளியைத் திருடுவது ஊரறிந்த தொழில். இந்த விளிம்பில் அரம் பட்டால் எழுத்து தேய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். லத்தீன் படிக்கத் தெரியாத ஏமன் வியாபாரியும் எத்தியோப்பிய மலையூர்க்காரரும் விரலால் தடவியே அதைச் சோதிக்க முடிந்தது. வியன்னா எங்கே இருக்கிறது என்று கேள்விப்படாதவர்கள் அவர்கள். அங்கிருந்து வந்த காசை அவர்கள் நம்பியதற்கு இந்தச் சோதனையே போதுமான காரணம் என்று நான் நினைக்கிறேன்.

தாலர் திரியெஸ்த் துறைமுகத்தில் கப்பல் ஏறும். ஜெத்தா, மசாவா, ஏடன் என்று செங்கடலையும் அதன் வாயிலையும் ஒட்டிய துறைகளில் இறங்கும். அங்கிருந்து கோவேறு கழுதைகள் மலையேற்றும். ஆயிரம் தாலர் 28 கிலோ, ஒரு லட்சம் தாலர் கிட்டத்தட்ட மூன்று டன். காவலுக்கு ஆள், வழியில் சுங்கம், மழைக்காலத்தில் மூடிக்கிடக்கும் பாதை எல்லாம் காசின் விலையில் ஏறும். காப்பியும் தோலும் சந்தைக்கு வரும் பருவத்தில் தாலருக்குத் தட்டுப்பாடு வந்து விலை உயரும். லண்டனில் வெள்ளி விலை அசைந்தாலும் அது அசையும். ஏடன் 1937 வரை பம்பாய், டெல்லி நிர்வாகங்களின் கீழ் இருந்ததால் அங்கே புழங்கியது ரூபாய். ரூபாயில் கணக்கு எழுதி, தாலர் கொடுத்துக் காப்பி வாங்கி, அதைப் பவுனுக்கு விற்ற ஏடன் வணிகர் மூன்று விலைகளை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியிருந்தது. காப்பியில் கிடைத்த லாபம் காசு மாற்றத்தில் கரைந்துபோகவும் வாய்ப்புண்டு.

இன்னொரு தொல்லை, போன தாலர் திரும்பி வராது. பெண்கள் அதைக் கோத்துக் கழுத்தில் அணிந்தார்கள், குடும்பங்கள் மண்ணில் புதைத்து வைத்தன, தட்டார்கள் உருக்கி நகை செய்தார்கள். அதனால் ஐரோப்பா புதிதாக அடித்து அனுப்பிக்கொண்டே இருந்தது. 1858-இல் ஆஸ்திரியா தன் சொந்த மண்ணில் இதைச் செல்லாக்காசு ஆக்கிய பிறகும் வெளிநாட்டு வணிகத்துக்காக அச்சடிப்பு நிற்கவில்லை.

1867-இல் எத்தியோப்பிய அரசர் தெவோத்ரோசுக்கு எதிராக பிரிட்டிஷ் தளபதி ராபர்ட் நேப்பியர் பம்பாயிலிருந்து படை கொண்டு போனார். யானைகள்கூட அந்தப் படையில் உண்டு. உலகத்தின் பெரிய வல்லரசு பிரிட்டன், ஆனாலும் தீவனம் வாங்க அதன் பவுன் உதவவில்லை. வியன்னாவில் சொல்லி லட்சக்கணக்கில் தாலர் வரவழைத்தார்கள். மலையூர்க்காரர்கள் ஒவ்வொரு காசையும் திருப்பிப் பார்த்து, பேரரசியின் ஆடை ஊசியில் உள்ள முத்துகள் தெளிவாகத் தெரியாவிட்டால் வாங்க மறுத்தார்கள்.

சில்லறை மட்டும் இந்தக் காசிடம் இல்லை. ஒரு தாலருக்கு நிறையப் பொருள் வரும், அதற்குக் கீழே காசே கிடையாது. எத்தியோப்பியாவில் அந்த இடத்தை உப்புக்கட்டி நிரப்பியது. உப்பு விளையும் இடத்திலிருந்து தூரம் போகப் போக ஒரு தாலருக்குக் கிடைக்கும் கட்டிகள் குறையும். பேரரசர் இரண்டாம் மெனலிக் 1890-களில் தன் முகம் பொறித்த காசைப் பாரிசில் அடிக்கச் செய்தார். எடையும் தாலரை ஒட்டியே இருந்தது. ஆனாலும் மக்கள் பழைய காசை விடவில்லை. சொந்த அரசரின் முகத்தைவிடச் செத்துப்போன அயல்நாட்டு அரசியின் முகத்துக்கு மதிப்பிருந்தது மெனலிக்கை எவ்வளவு உறுத்தியிருக்கும்!

1935-இல் எத்தியோப்பியாவைப் பிடிக்கக் கிளம்பிய முசோலினி, முதலில் காசின் அச்சுகளைக் கையகப்படுத்தினார். ஆஸ்திரியா 25 ஆண்டுகளுக்கு அச்சடிக்கும் தனியுரிமையை இத்தாலிக்குக் கொடுத்தது. இனி வேண்டியவர்கள் ரோமிடம் கேட்க வேண்டும் என்றானது. செங்கடல் வணிகத்தை அப்படி விட்டுவிட லண்டன் தயாராக இல்லை. 1936 முதல் பிரிட்டனே அதே முகத்தை, அதே 1780-ஐப் பொறித்துத் தாலர் அடித்தது. பாரிசும் பிரசல்சும் அடித்தன. எத்தியோப்பியாவில் இத்தாலியர் லிராவைத் திணிக்கப் பார்த்தபோது, மக்கள் தாலரை ஒளித்து வைத்தார்கள். போர் வந்ததும், 1940-41-இல் பம்பாய் நாணயச்சாலையும் மரியா தெரேசாவை அச்சடித்தது. அந்த 1941-இல் எரித்திரியாவின் கெரன் மலையில் இத்தாலியரோடு மோதிய படையில் இந்தியத் துருப்புகளும் இருந்தன.

இத்தனை நாணயச்சாலைகள் அடித்தும் காசின் மதிப்பு குலையாததற்குக் காரணம், எவரும் வெள்ளியைக் குறைக்கத் துணியவில்லை. மலையூர்ச் சந்தை அவர்களை ஒழுங்காக வைத்திருந்தது. எந்த மத்திய வங்கியும் கண்காணிக்காத ஒரு பணத்துக்கு இதைவிடக் கறாரான தணிக்கை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எத்தியோப்பியாவில் தாலரின் காலம் 1945-இல் முடியத் தொடங்கியது. புதிய எத்தியோப்பிய டாலரோடு செம்பில் சிறு காசுகளும், வெள்ளியில் 50 சென்ட் காசும் வந்தன. மெனலிக்கால் முடியாதது இப்போது நடந்ததில், சந்தையில் கீரை வாங்கும் கைக்குச் சில்லறை வந்து சேர்ந்ததற்குப் பெரிய பங்குண்டு என்பது என் கருத்து. ஏமனில் இமாம் ஆட்சி வீழ்ந்த 1962 வரையும், ஓமனில் சொந்த நோட்டு வெளியான 1970 வரையும் தாலர் கைமாறிக்கொண்டிருந்தது. இத்தாலியின் உரிமை முடிந்ததும் 1961-இல் அச்சு மறுபடி வியன்னாவுக்கே வந்தது. அங்கே இப்போது சேகரிப்பாளர்களுக்காக அடிக்கிறார்கள்.