முத்துப்பாரில் உண்போரும் உண்ணப்படுவோரும்

செட்டிகுளப் பகுதியின் காடுகளைக் கடந்துவரும் அருவியாறு அரிப்புக்கு அண்மையிற் கடலை அடைகின்றது. அதற்கு எதிரே சேவற்பார், பெரியபார், மோதரகம்பார் எனக் கடலோடிகள் பெயரிட்ட கற்றரைகள் ஐந்து முதற் பத்துப் பாக ஆழத்திற் கிடக்கின்றன. வன்னியின் வரலாற்றை எழுதுவோர் குளங்களைப் பேசுமளவுக்கு இப்பார்களைப் பேசுவதில்லை. பவளமும் கடற்பஞ்சும் பற்றி வளரும் இத்தரையிலேயே முத்துச்சிப்பி செழித்தது.

செழித்தது என்பதினும், செழித்துச் செழித்து மறைந்தது என்பதே பொருந்தும். 1891ஆம் ஆண்டின் பின் பத்தாண்டுக்கு மேலாக முத்துக்குளிப்பு நிகழவில்லை. வருவாய் இழந்த அரசு இலிவர்ப்பூற் பேராசிரியர் ஹேர்ட்மனை அழைத்தது. 1902 தைமாதம் வந்த அவர், ஜேம்ஸ் ஹோணலின் துணையோடு பார்களை ஆராய்ந்தார். ஆய்வறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

எவ்வுயிர் எவ்வுயிரை உண்கின்றது என்பதே அவ்வாய்வின் உயிர்நாடி. உடுமீன் சிப்பியை உண்டது. நத்தைகள் ஓட்டைத் துளைத்து உண்டன. வலிய பற்களையுடைய கிளாத்தி ஓட்டையே நொறுக்கித் தின்றது. கிளாத்தியைப் பெருந்திருக்கை விழுங்கியது. சிப்பியின் தசையிற் காணப்பட்ட நாடாப்புழுவின் இளம்பருவம் இவ்வுணவு வழியே திருக்கையின் குடலை அடைந்து முதிர்கின்றது என்றும், சிப்பிக்குள்ளேயே இறந்துபடும் புழுவைச் சூழ்ந்து முத்து உருவாகின்றது என்றும் அவர்கள் கருதினர். அவ்வாறாயின் சிப்பியின் பகையே முத்தின் தாயாகின்றது. திருக்கையை அழித்தால் முத்தும் அழியும்! மழைத்துளி முத்தாகும் என்ற பழங்கதையின் இடத்திற் புழு வந்து அமர்ந்தது. கதை மாறியதேயன்றி அதன் சுவை குன்றவில்லை என்பேன்.

ஆயினும் அக்கோட்பாடு நிலைக்கவில்லை. 1912இல் ஜேம்சன் என்பார் இலங்கை முத்துக்களையே ஆராய்ந்து அதனை மறுத்தார். சிப்பியின் மேலுறைக் கலங்கள் இடம்பெயர்ந்து தசையினுள் ஒரு பையாக அமையும்போது, அதனுள்ளே முத்து வளர்கின்றது என்பதே இன்றைய விளக்கம். புழு அதற்கு இன்றியமையாததன்று. எனினும், யார் யாரை உண்டனர் என அவர்கள் கண்டு எழுதியவை இதனாற் பொய்யாகிவிடவில்லை.

குளிகாரர் இவ்வுணவுத் தொடரை வேறொரு முனையிலிருந்து அறிந்திருந்தனர். சுறாவுக்கு இரையாகாதிருக்க மந்திரத்தாற் கடலைக் கட்டும் கடல்கட்டிகளை நம்பியே அவர்கள் நீரில் இறங்கினர். அக்கடல்கட்டிகளுக்கு ஆங்கில அரசும் ஊதியம் வழங்கியது. அறிவியல் பேசிய அரசு அதனையும் செய்தது.

1905ஆம் ஆண்டில் 300க்கு மேற்பட்ட படகுகளும் ஏறத்தாழ 5000 குளிகாரரும் சில கிழமைகளுள் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை அள்ளினர். அரசின் பங்கு சுமார் 25 இலட்சம் ரூபா. எந்தக் கிளாத்தியும் எந்தத் திருக்கையும் ஒரே பருவத்தில் இவ்வளவு உண்டதாக யாரும் எழுதவில்லை. மறுவருடம் பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் விடப்பட்டன. 1907இன் குளிப்போடு சிப்பி ஒழிந்தது. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனியும் கலைந்தது.