குழந்தை நீராட்டும் அதன் எண்ணிக்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

சிறு குழந்தையை எத்தனை நாளுக்கு ஒருமுறை நீராட்டுதல் வேண்டும் என்பது இளந்தாய்மார் மருத்துவரிடம் வழக்கமாகக் கேட்கும் வினாக்களுள் ஒன்றாகும். விடையும் ஓர் எண்ணாகவே அமைந்துவிடுகின்றது. நாடோறும் என்பார் சிலர்; வாரத்துக்கு மும்முறை போதும் என்பார் வேறு சிலர். ஆயின், இவ்வினா எக்காலத்தும் ஒரேயளவு முதன்மை பெற்றிருந்த வினாவன்று. மேலைநாட்டு மருத்துவ நூல்களைப் புரட்டிப் பார்ப்பின், குழந்தையை நீரில் இடலாமா, இடின் வெந்நீரிலா தண்ணீரிலா என்பனவே நெடுங்காலமாக அறிஞரிடையே சர்ச்சைக்குரியனவாய் இருந்தமை புலனாகும். எத்தனை முறை என்னும் வினா, நீர் தாராளமாகக் கிடைத்த சமுதாயங்களிலேயே பெரிதும் தலைதூக்கியுள்ளது. குழந்தையின் தோலைப் பற்றிய அறிவு வளர்ந்தமையால் மட்டும் இவ்வெண் மாறிற்று என்று கொள்ளுதற்கில்லை. நீர் எவ்வழி வந்தது, அதனைச் சூடாக்க எரிபொருள் எங்கிருந்து கிடைத்தது, சுமந்தவர் யார் என்பவற்றையும் சேர்த்தே இவ்வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

பண்டைக் கிரேக்கருள் ஒரு சாரார் பிறந்த குழந்தையின் முதல் நீராட்டை ஒரு சோதனையாகவே கருதினர். ஸ்பாட்டாப் பெண்கள் சிசுவை நீரினால் அன்றித் திராட்சை மதுவினாற் கழுவினர் என்றும், வலிமை குன்றிய குழந்தை அதனைத் தாங்காது என அவர்கள் நம்பினர் என்றும் புளூட்டாக் எழுதிவைத்துள்ளார். பிற இனத்தவர் பலர் குழந்தைகளைக் குளிர்ந்த ஆற்றில் அமிழ்த்தும் வழக்கம் அரிஸ்டோட்டிலின் அரசியல் நூலிற் குறிக்கப்படுகின்றது. குழந்தைகளை இளமையிலேயே சிறிது சிறிதாகக் குளிருக்குப் பழக்குதல் நன்று என்பது அவர் கருத்து. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கலென் இதனை ஏற்கவில்லை. தாயின் கருப்பையிலிருந்து வெம்மையோடு வந்த சிசுவை, பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தோய்ப்பது போல ஆற்றில் தோய்க்கும் ஜேர்மானியரை அவர் கடுமையாகச் சாடினார்.

கலெனுக்குச் சற்று முற்பட்டவரும், எபேசு நகரிற் பிறந்து உரோமிலே தொழில் புரிந்தவருமான சொரானசு இவ்வகையிற் சிறப்பாகக் கவனிக்கத்தக்கவர். மகளிர் மருத்துவம் பற்றிய அவருடைய நூல் சிசு பராமரிப்பை மிக நுணுக்கமாக விவரிக்கின்றது. பிறந்த குழந்தையின் உடலில் நுண்ணிய உப்பைத் தூவி, இளஞ்சூடான நீராற் கழுவுமாறு அவர் விதித்தார். அவர் காலத்துப் பெண்களிற் பெரும்பாலோர் பகலும் இரவுமாக ஒரு நாளைக்கு மூன்று முறை குழந்தையை நீராட்டினர். குழந்தை சோர்ந்து போகும்வரை நீரை வார்த்தனர். சோர்ந்த குழந்தை அமைதியாக உறங்கிவிடுவதால் அவர்கள் மகிழ்ந்தனர் என்று கூறி, இது தீங்கானது என அவர் எச்சரித்தார். எண்ணிக்கை பற்றிய மிகப் பழைய மருத்துவக் கண்டனங்களுள் இஃது ஒன்று. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் உரோம் நகருக்கு 9 பெருங் கால்வாய்கள் நீரைக் கொணர்ந்தன என்பதை இதனோடு இணைத்துப் பார்த்தல் வேண்டும். நீர்ப் பஞ்சமுள்ள ஊரில் ஒரு செவிலி நாளுக்கு மும்முறை குழந்தைக்கு நீர் வார்த்திருக்க முடியாது. அவள் அவ்வாறு வார்த்தமைக்கு அழுக்கு காரணமன்று, அழுகையே காரணம் என்பதும் மருத்துவரின் சொற்களிலிருந்தே தெளிவாகின்றது. கண் விழித்த பெண்ணின் களைப்பை அவர் பொருட்படுத்தவில்லை; எனினும் குழந்தையின் சோர்வை அவர் கண்டுகொண்டமை பாராட்டத்தக்கதே.

இடைக்காலத்தின் பிற்பகுதியில் நிலைமை தலைகீழாயிற்று. 1348இல் கொள்ளைநோய் பிரான்சிற் பரவியபோது, வெந்நீர் தோலின் துவாரங்களைத் திறந்துவிடும், அவ்வழியே நச்சுக்காற்று உட்புகும் என்ற அச்சம் மருத்துவரிடையே வலுப்பெற்றது. அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பாவின் மேன்மக்கள் உடலைக் கழுவுவதைக் குறைத்து, வெள்ளைத் துணியை அடிக்கடி மாற்றுவதையே தூய்மை எனக் கொண்டனர். பெரியோரின் தோலே துவாரமயமானது என்றால், சிசுவின் தோல் இன்னும் மென்மையானது அன்றோ? ஆகவே கைகால் அசையாவண்ணம் நீண்ட துணிப்பட்டைகளால் இறுகச் சுற்றுவதும், எண்ணெய் பூசுவதும் குழந்தைக்குக் காப்பாகக் கருதப்பட்டன.

இக்காலத்தின் குழந்தை வளர்ப்பை அறிதற்கு அரிய சான்று ஒன்று உண்டு. 1601 செப்ரெம்பரிற் பிறந்து பின்னர் பதின்மூன்றாம் லூயி என்ற பெயருடன் பிரான்சை ஆண்ட அரச குமாரனின் அன்றாட வாழ்வை, அவனுடைய மருத்துவரான ஜான் எரோவார் நாட்குறிப்பாக எழுதிவைத்தார். உண்ட உணவு, உறங்கிய நேரம், கழித்த மலத்தின் நிறம் என யாவும் அதிற் பதிவாகியுள்ளன. ஏறத்தாழ ஏழு வாரக் குழந்தையாய் இருந்தபோது அவன் தலையிற் படிந்திருந்த பொருக்கு வெண்ணெயும் வாதுமை எண்ணெயும் இட்டுத் தேய்க்கப்பட்டது. கால்களை இளஞ்சூட்டு நீரிற் கழுவியதாக வருவது அவனுக்கு ஐந்து வயது ஆனபோதுதான். முழு உடலும் தொட்டி நீரில் இறங்கியது 1608இல். அப்பொழுது அவனுக்கு ஏழு வயது நிரம்பச் சில வாரங்களே இருந்தன. இத்தனை மருத்துவரும் செவிலியரும் சூழ்ந்திருந்த குழந்தையைப் பேணாது விட்டனர் என எவரும் கூறமுடியாது. அக்கால அறிவின்படி மிகச் சிறந்த பேணல் அதுவே.

தண்ணீருக்கு மீண்டும் மதிப்பு வந்தது பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்திலாகும். லிச்பீல்ட் நகர மருத்துவரான ஜோன் புளோயர் 1697இல் நீராட்டுப் பற்றிய நூலை வெளியிட்டார். திருச்சபை ஞானஸ்நானத்தின்போது சிசுவை முழுமையாக நீரில் அமிழ்த்தும் பழைய முறையைக் கைவிட்டமையே கணைநோய் பெருகியதற்குக் காரணம் என்பது அவர் வாதம். காரணம் பிழையானது, எனினும் குளிர்நீர்ப் பற்று அவரால் ஓர் இயக்கமாகவே மாறிற்று. அவருக்குச் சற்று முன்னர், 1693இல், தத்துவ அறிஞரும் மருத்துவம் பயின்றவருமான ஜோன் லொக் கல்வி பற்றிய தமது சிந்தனைகளை வெளியிட்டார். பிள்ளைகளின் பாதங்களை நாடோறும் குளிர்ந்த நீரிற் கழுவவேண்டும், நீர் உட்புகும் அளவுக்கு மெல்லிய பாதணியையே அவர்களுக்கு அணிவிக்கவேண்டும் என்பன அவர் விதிகள். 1762இல் வெளியான எமிலி என்ற நூலில் ரூசோ இன்னும் ஒருபடி சென்றார். குழந்தையை அடிக்கடி கழுவுக; நீரின் வெம்மையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஈற்றில் மாரியிலும் கோடையிலும் உறைபனியளவு குளிர்ந்த நீரிலேயே நீராட்டுக என்றார்.

இவ்வறிவுரைகளைக் கூறியோர் யார் என்பதையும் நோக்காது விடமுடியாது. லொக் மணம் புரியாதவர். ரூசோ தம் ஐந்து குழந்தைகளையும் பாரிசின் கைவிடப்பட்டோர் இல்லத்துக்கு அனுப்பியவர். 1748இல் துணிச்சுற்றைக் கண்டித்து எழுதிய வில்லியம் கடோகன், சிசு பராமரிப்பை இனி அறிவுள்ள ஆடவரே மேற்கொள்ளவேண்டும் எனக் கருதியவர். துணிச்சுற்றிலிருந்து குழந்தையை விடுவித்த பெருமை அவருக்கு உண்டு. ஆயினும் உறைந்த காலைப் பொழுதிற் குழந்தையை நீரில் இறக்கி, அதன் அலறலைக் கேட்டு நின்றவள் ஒரு செவிலிப்பெண்ணே.

1769இல் எடின்பரோவில் வெளிவந்த வில்லியம் புக்கனின் வீட்டு மருத்துவ நூல் இவ்வியக்கம் மக்களிடையே எவ்வாறு உருமாறிற்று என்பதைக் காட்டுகின்றது. நீரின் நலன் அது எந்தப் புனிதருக்குரிய ஊற்று என்பதிலேயே தங்கியுள்ளது எனச் செவிலியர் சிலர் நம்பினர். மூன்று, ஏழு, ஒன்பது எனக் குறித்த தடவை அமிழ்த்தினாலே பலன் கிட்டும் என வேறு சிலர் நம்பினர் என அவர் குறைப்படுகின்றார். மருத்துவர் எண் எதனையும் வற்புறுத்தாத இடத்தில் மக்கள் தாமாகவே எண்ணைப் படைத்துக்கொண்டனர் போலும்.

எனினும் நாள்தோறும் முழுநீராட்டு என்ற விதி பொதுமக்களின் வீடுகளுக்குள் நுழைவதற்குக் குழாய் தேவைப்பட்டது. இருபது லீற்றர் நீர் இருபது கிலோகிராம் எடையுடையது. தெருமுனைக் குழாயில் வரிசையில் நின்று, படியேறிச் சுமந்து, விலைக்கு வாங்கிய நிலக்கரியிற் சூடாக்கி, பின்னர் அழுக்கு நீரையும் கீழே சுமந்து ஊற்றவேண்டிய தாய்க்கு, தினசரி நீராட்டு என்ற அறிவுரை நகைப்புக்குரியதாகவே தோன்றியிருக்கும். 1832இல் வாந்திபேதி பரவியபோது லிவர்பூலில் கிற்றி வில்கின்சன் என்ற ஏழைப் பெண் தன் வீட்டுக் கொதிகலனை அயலார் துணி துவைக்கத் திறந்துவிட்டார். 1842இல் அந்நகரிற் பொதுக் குளியலகமும் துவைப்பகமும் அமைந்தன. 1846இல் இங்கிலாந்து முழுவதற்கும் அத்தகைய நிலையங்களை அமைக்க வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது. இலண்டன் வீடுகளுக்கு இடைவிடாத நீர் வழங்கல் 1871ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே படிப்படியாக வந்தது. அதன் பின்னரும் தொழிலாளர் குடும்பங்களில் வாரத்துக்கு ஒருமுறை, அடுப்பின் முன்னே வைத்த தகரத் தொட்டியில், ஒரே நீரில் ஒருவர் பின் ஒருவராக நீராடுவதே வழக்கம். 1951ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போதுங்கூட இங்கிலாந்திலும் வேல்சிலும் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு நிலையான குளியற்றொட்டி இருக்கவில்லை.

இதே காலப்பகுதியில் மேலைநாட்டுச் சுகாதார நூல்கள் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்ந்தன. 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசனறி சாமுவேல் கிறீன், கல்வின் கட்டர் என்பவர் எழுதிய உடலியல், சுகாதார நூலைத் தமிழாக்கி 1852இல் வெளியிடச் செய்தார். தோலைத் தூயதாய் வைத்திருக்கவேண்டிய முறைகளை விளக்கும் பகுதியும் கட்டரின் நூலில் உண்டு. குளிர்நாட்டில் நீராடத் தயங்கிய மக்களுக்கென எழுதப்பட்ட அறிவுரை, துலாக்கிணற்றடியில் நீராடுவதை நாட்கடமையாகக் கொண்ட மக்களின் மொழியில் அச்சேறியமை சுவையான செய்தியே. கிறீனின் தமிழ்ப் பணிக்கு இதனால் எவ்விதக் குறையும் இல்லை. அறிவுரை ஒன்று தான் பிறந்த தட்பவெப்பத்தையும் உடன் சுமந்தே வருகின்றது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

எண்ணிக்கை விதியாக இறுகியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைக்கூறில். நியூ யோர்க் மருத்துவரான எம்மெட் ஹோல்ற் 1894இல் வெளியிட்ட குழந்தை பராமரிப்பு நூல் வினாவிடை வடிவில் அமைந்தது. நமது பாடசாலை வினாவிடைகளைப் போலவே அதிலும் ஐயத்துக்கு இடமில்லை: தொப்புள்கொடி விழுந்த பின் நாடோறும் முழுநீராட்டு, நீரின் வெப்பம் இத்தனை பாகை. கிருமிக் கொள்கை நிலைபெற்றுவிட்ட காலம் அது. அழுக்கு என்பது கண்ணுக்குத் தெரியாத பகையாகிவிட்டமையால், கண்ணுக்குத் தூயதாகத் தோன்றும் சிசுவையும் கழுவவேண்டியதாயிற்று. சவர்க்கார விளம்பரங்கள் எஞ்சியதைச் செய்தன.

இவ்விதியின் உச்சம் வைத்தியசாலைகளில் நிகழ்ந்தது. துயரமும் அங்குதான் விளைந்தது. 1950களிலும் 60களிலும் பிரசவ விடுதிகளில் ஸ்ரபிலோகொக்கசு என்னும் கிருமி சிசுக்களைத் தாக்கியது. அதனைத் தடுக்க, ஹெக்சாகுளோரோபீன் 3 வீதம் கலந்த கழுவுநீர்மத்தினால் நாடோறும் சிசுக்களின் முழு உடலும் கழுவப்பட்டது. தொற்றுக் குறைந்தது உண்மை. ஆனால் அம்மருந்து தோலின் ஊடாக உட்சென்று விலங்குகளின் மூளையைப் பாதித்தமை ஆய்வுகளிற் புலனாயிற்று. 1971 டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிருவாகமும் அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகமும் அவ்வழக்கத்தை நிறுத்துமாறு அறிவித்தன. அடுத்த ஆண்டிற் பிரான்சில் ஒரு குழந்தைப் பூசுதூளில் அதே பொருள் தவறுதலாகப் பெருமளவிற் கலந்துவிட்டதால் 36 குழந்தைகள் இறந்தன. மறுபுறத்தில், கழுவுதலை நிறுத்திய விடுதிகள் சிலவற்றிற் பழைய தொற்று மீண்டும் தலைகாட்டிற்று. தினசரிக் கழுவுதலில் எந்தப் பகுதி குழந்தையைக் காத்தது, எந்தப் பகுதி வருத்தியது என்பதைப் பிரித்தறிய வேண்டிய நிலை அப்பொழுதுதான் ஏற்பட்டது.

அதன் பின்னர் எண் குறையத் தொடங்கியது. சிசு பிறக்கும்போது அதன் உடலை மூடியிருக்கும் வெண்ணிறப் பசை அழுக்கன்று, தோலைக் காப்பது என்பது உணரப்பட்டது. உடன் நீராட்டினால் சிசுவின் உடல்வெப்பம் இறங்கும். குறைமாதக் குழந்தைக்கு அஃது உயிராபத்தாகவும் முடியும். உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட பரிந்துரையின்படி முதல் நீராட்டைப் பிறந்து 24 மணித்தியாலம் கழியும்வரை பின்போடவேண்டும். பண்பாட்டு வழக்கம் இடந்தராவிடின் 6 மணித்தியாலமேனும் பொறுத்தல் வேண்டும். பின்னைய மாதங்களுக்கு, முதலாண்டில் வாரத்துக்கு மூன்று நீராட்டுகள் போதுமானவையாகலாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் கருத்து. பிரித்தானிய தேசிய சுகாதார சேவையும் தினசரி நீராட்டு அவசியமில்லை என்றே கூறுகின்றது. அடிக்கடி நீரும் சவர்க்காரமும் பட்டால் இளந்தோல் வறண்டுபோகும் என்பது இதற்கான முதன்மைக் காரணம்.

இவ்வெண் சூடேற்றிய அறைகளும் வறண்ட மாரிக்காற்றும் உள்ள நாடுகளில் வகுக்கப்பட்டது. முகம், கழுத்து மடிப்பு, கால்களின் இடுக்கு ஆகியவற்றை நாடோறும் துடைத்துத் தூய்மை செய்தல் வேண்டும் என்பதையும் அவ்வறிவுரைகள் சேர்த்தே கூறுகின்றன. நீராட்டு என அவை எண்ணுவது தொட்டியில் இறக்கும் முழுநீராட்டை மட்டுமே. யாழ்ப்பாணத் தமிழில் முழுகுதல் வேறு, மேல் கழுவுதல் வேறு. குழந்தைக்குத் தோய வார்த்தல் என்ற தனி வழக்கும் உண்டு. வைகாசி வெயிலில் வியர்த்துக் கிடக்கும் குழந்தையின் தாய்க்கு வாரத்துக்கு மூன்று என்று சொல்லப் புகும் மொழிபெயர்ப்பாளர், அந்த மூன்று இச்சொற்களுள் எதற்குரியது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுதல் வேண்டும்.